கிடை போட்ட வயலில் மூன்று மூட்டை

1

இந்த நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட ஒரு படிவம் உண்டு. அதில் ஒரு கேள்வி: இதுவரை பிடிபடாத குற்றம் எதையாவது தெரிந்தே செய்திருக்கிறீர்களா? ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் ‘இல்லை’யில் குறி போட்டேன். யோசிக்கக்கூட இல்லை.

இங்கே வந்து பத்து வருடம் ஆகிவிட்டது. அமெரிக்காவின் நடுவில், எந்தப் பக்கம் திரும்பினாலும் மக்காச்சோளம் நிற்கிற ஒரு சின்ன ஊர். பத்து வருடமாக என்னை எல்லாரும் சுடலைமுத்து என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது என் அப்பா பெயர். வந்த புதிதில் ஏதோ ஓர் ஆபீஸில் கடைசிப் பெயர் என்று கேட்டிருந்த கட்டத்தில் அதை எழுதித் தொலைத்தேன். அன்றிலிருந்து நான் வேலைக்குத் தாமதமாகப் போனால் திட்டு வாங்குகிறவர் அப்பாதான். என் பெயர் முத்தையா. ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும்.

பத்து வருடம் முடிகிறதே, அங்கே பனி எப்படி, இட்லிக்கு உளுந்து கிடைக்கிறதா, பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்களா என்றெல்லாம் எழுதுங்கள் என இந்த இதழின் ஆசிரியர் கேட்டிருந்தார். பனி வெள்ளையாக இருக்கிறது. உளுந்து கிடைக்கிறது. என் மகள் கோபம் வராத நேரத்தில் தமிழ் பேசுகிறாள். கேட்டதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது.

நான் எழுத வந்தது வேலம்மாள் மதினியைப் பற்றி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் பெயரைக் கெடுத்துவிட்டு, அடுத்த இரண்டு வருடத்தில் விமானம் ஏறியவன் நான். கெடுத்ததைச் சரிசெய்ய முடியுமா என்பதுதான் இப்போது என் முன்னால் நிற்கிற கேள்வி. பனி, உளுந்து விவரம் வேண்டும் என்பவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

2

நான் மண் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். விவசாயிகள் காகிதப் பையில் மண் அனுப்புவார்கள். நான் அதைக் கரைத்து, வடிகட்டி, ஏக்கருக்கு இத்தனை பவுண்டு தழைச்சத்து போடவும் என்று எழுதி அனுப்புவேன். சில பைகளில் வருகிற மண்ணைக் கையில் எடுத்தால் சாம்பலாக உதிரும். ஒரு புழு, ஒரு வேர், ஒன்றும் இருக்காது. அதற்கும் இத்தனை பவுண்டு என்றுதான் எழுதுவேன். அதற்குத்தான் சம்பளம்.

மகள் பெயர் செண்பகம். பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் ‘ஷென்’. சனிக்கிழமைதோறும் ஊருக்கு வெளியே ராய் என்கிறவனுடைய பண்ணைக்குப் போகிறாள். ராய் தாடி வைத்தவன், நல்லவன், வாய் ஓயாதவன். செத்த மண்ணை மறுபடி உயிராக்குகிற விவசாயம் என்று வகுப்பு எடுக்கிறான். ஒருநாள் அவளைக் கூட்டிவரப் போனபோது ஓரமாக நின்று கேட்டேன். மின்சாரம் பாய்கிற வலையைக் கட்டி, ஆடுகளை அதற்குள் ஒரே ஒரு ராத்திரி அடைக்கிறான். மறுநாள் வலையைப் பிடுங்கி அடுத்த துண்டில் நடுகிறான். குளம்பு மண்ணை என்ன செய்கிறது, புழுக்கை என்ன செய்கிறது, மூத்திரம் என்ன செய்கிறது என்று படம் போட்டு விளக்குகிறான். இருபது பேர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறார்கள்.

காரில் வரும்போது செண்பகம் சொன்னாள்: “அப்பா, நாங்க ஆட்டை ஃபீல்டுல தூங்க வைக்கிறோம். ஒரு நைட் ஒரு இடம்.”

“தெரியும். எங்க ஊர்ல அதுக்குக் கிடைன்னு பேரு.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். அடுத்த வாரமே அது ராயின் காதுக்குப் போய், மாவட்டச் சந்தை மேடையில் செண்பகம் பேசுவதாக முடிவாகிவிட்டது. அவள் எழுதி வைத்திருந்த அட்டையை மேஜைமேல் பார்த்தேன். என் அப்பாவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்தது, என் அப்பா அந்த அறிவைச் சுமந்து வந்தவர் என்று இங்கிலீஷில் இருந்தது. நானும் வேட்டி கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டுமாம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பிள்ளைமேல் அல்ல.

3

கிடை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாசியில் பிசான நெல்லை அறுத்த பிறகு வயல் சும்மா கிடக்கும். பங்குனி, சித்திரையில் கிழக்கேயிருந்து கோனார்கள் மந்தை ஓட்டி வருவார்கள். பகலில் ஆடு மேயும், பொழுது சாய்ந்ததும் ஒரு வயலில் அடைபடும். மறுநாள் அடுத்த துண்டு. ஆடு கிடந்த மண்ணை வெயில் ஏறுவதற்குள் உழுது மூடிவிடுவார்கள். காயவிட்டால் பாதிச் சத்து காற்றோடு போய்விடும். அதற்கு மேல் கொழிஞ்சிச் செடியும், மலையடிவாரத்தில் வெட்டிய தழையும் சேற்றில் மிதித்தால் கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகத்துக்கும் வேறு எரு வேண்டாம்.

நம் ஆட்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று இதற்குள் மீசையை முறுக்க ஆரம்பித்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். மந்தை வந்ததும் முதல் கிடை யார் வயலில்? பெரிய வீட்டு வயலில். அப்புறம் பெரிய வீட்டு மைத்துனர் வயலில். கீழத்தெருக்காரர்களின் முறை வருவதற்குள் மேகம் கட்டி, ஆடு ஊரைவிட்டுக் கிளம்பியிருக்கும். நம் பெருமையில் இந்த வரிசையை யாரும் எழுதுவதில்லை.

வேலம்மாள் மதினி என் பெரியப்பா மகனின் மனைவி. அண்ணன் செத்த பிறகு, தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையை ஒட்டிய பத்து மரக்கால் விதைப்பாட்டைத் தானே குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தாள். முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். நிலம் தென்காசி வக்கீல் ஒருவருடையது. கிடைக்கு அவள்தான் கடைசி ஆள். ஐந்து வருடம் பொறுத்தாள். எழுபதுகளின் நடுவில் ஒரு கோடையில், மந்தை ஊருக்குள் திரும்புகிற இடத்தில் போய்ச் சாலையை மறித்து நின்றாள். நான் சைக்கிளில் வந்தவன் இறங்கி வேடிக்கை பார்த்தேன்.

“கோனாரே, ஆட்ட இங்கன திருப்பும். இந்த வருசம் மொத கிடை எனக்கு.”

“தாயி, பெரிய வீட்டுல கோவிப்பாக.”

“அவுக வயல்ல நின்னாத்தான் ஒம்ம ஆடு புழுக்கை போடுமோ? எங்கன நின்னாலும் போடும். திருப்பும்.”

கோனார் சிரித்துவிட்டார். ஆடு திரும்பியது. ஒரு துண்டுக்கு ஒரு ராத்திரி என்பது வழக்கம். மதினி ஒவ்வொரு துண்டிலும் இரண்டு ராத்திரி நிறுத்திக்கொண்டாள். ஐந்து வருடம் விட்டதை ஒரே வருடத்தில் பிடிக்கிறாள் என்று ஊர் முணுமுணுத்தது. பெரிய வீட்டில் சத்தமாகவே ஏசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

4

நான் அப்போது விவசாய ஆபீஸில் உத்தியோகம். யூரியா போட்டால் நெல் எப்படி விளைகிறது என்று ஊருக்குக் காட்ட, இத்தனை செயல்விளக்க வயல் வைக்க வேண்டும் என்று எங்களுக்கு இலக்கு. வயல் சாலையோரம் இருக்க வேண்டும், ஜீப்பைவிட்டு இறங்காமல் பார்க்கத் தோதாக. மேலதிகாரிகளின் ஆய்வு ஆனி, ஆடியில்தான் வரும். மற்ற மாதங்களில் எங்கள் வட்டாரப் பயிரைப் பற்றி அவர்களுக்குக் கவலை கிடையாது. அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் கவலை வந்துவிடும். காலையில் வயல், அப்புறம் எண்ணெய் தேய்த்துக் குளியல், அப்புறம் பலாப்பழம் ஜீப்பில் ஏறும்.

எனக்கு ஒரு வயல் குறைந்தது. மதினியின் வயல் சாலையோரம் இருந்தது.

“மதினி, ஒங்க வயல்ல ஒரு போர்டு வைக்கணும். ரெண்டு மூட்டை யூரியா ஆபீஸ்ல இருந்து சும்மாவே வரும்.”

“கிடை போட்ட வயலுக்கு எதுக்கு உப்பு?” யூரியாவை எங்கள் பக்கம் உப்பு என்றுதான் சொல்வார்கள். “அதும் ரெண்டு ராத்திரி நின்ன மண்ணு. சாரக் காத்து அடிக்கப்போவுது. அந்த ஈரத்துல பயிரு கறுத்துச்சுன்னா குலைநோவு விழுந்துரும்.”

“நான் நாலு வருசம் இதைத்தான் படிச்சிருக்கேன் மதினி.”

“நீ படிச்ச ஊர்ல சாரல் அடிச்சுதா?”

அடிக்கவில்லை. நான் படித்தது கோயம்புத்தூரில். ஆனால் அன்றைக்கு எனக்கு அது பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகவே படவில்லை. இரண்டு நாள் அவள் வீட்டுக்கு நடந்தேன். வேலை போய்விடும் என்று மூஞ்சியைத் தொங்கப்போட்டேன். கடைசியில் அவள் இறங்கி வந்தாள்.

“ஒன் வேலைக்கு ஆவும்னா ஒத்த மூட்டை போடு. அதுக்கு மேல ஒரு பிடி கூடாது.”

ஒரு மூட்டையை அவள் கண்முன் போட்டேன். அப்புறம் செங்கோட்டையில் அவள் தங்கச்சிக்குப் பிரசவம் என்று போனாள். பதினைந்து நாள் அங்கேயே இருந்தாள். அதற்குள் ஆய்வுத் தேதி வந்துவிட்டது. மதினியின் பயிர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்து வட்டாரத்தில் என்னோடு படித்தவன் வைத்த வயல் இதைவிடக் கறுப்பாக, அடர்ந்த பச்சையாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவ்வளவுதான். சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, சாரலில் நானே இறங்கி இரண்டாவது மூட்டையை இறைத்தேன். நான்கு நாள் கழித்து, ஆபீஸ் கிடங்கிலிருந்து எடுத்து வந்த மூன்றாவது. அருவிக்குப் போகிற பஸ்களில் சனங்கள் கையை வெளியே நீட்டித் தூறலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் வயலில் நிற்பதை ஊரும் பார்த்தது. மூட்டையை யாரும் எண்ணவில்லை.

ஆய்வு நாளில் ஜீப் நின்றது. “பிரமாதம்யா” என்றார் அதிகாரி. ஜீப் அருவிக்குப் போனது.

மதினி திரும்பி வந்து வரப்பில் நின்று நெடுநேரம் பார்த்தாள்.

“ஒத்த மூட்டைக்கு இம்புட்டு கறுக்காதே முத்தையா.”

“நீங்க ரெண்டு ராத்திரி கிடை போட்டீங்கள்லா மதினி” என்றேன். பொய் அந்த இடத்தில் ஆரம்பித்தது. எனக்கு அது பொய்யாகக்கூடத் தோன்றவில்லை, கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது.

சாரல் விடாமல் அடித்தது. மதினி சொன்ன குலைநோவு வந்தது. இலையில் கண் கண்ணாகப் புள்ளி விழுந்தது. நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. கதிர் வந்ததும் கழுத்து கறுத்து ஒடிந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வயல் முழுக்க வெள்ளைக் கதிர். கையில் உருவினால் பதர்.

5

செயல்விளக்க வயல் கெட்டது ஏன் என்று ஆபீஸில் விளக்கம் கேட்டார்கள். ஊர்ச் சாவடியில் கூட்டம் போட்டார்கள். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெரிய வீட்டுக்காரர் வந்திருந்தார். கோனாரையும் கூப்பிட்டு ஓரமாக நிறுத்தியிருந்தார்கள்.

நான் எழுந்து சொன்னேன். சிபாரிசு செய்த உரம் சரியான அளவில்தான் போடப்பட்டது, அளவுக்கு மீறிக் கிடை போட்டதால்தான் பயிர் கெட்டது, இந்தப் பழைய முறையை இனியாவது ஊர் விட வேண்டும். நன்றாகப் பேசினேன். எனக்கு எப்போதும் பேச்சு வரும்.

மதினி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். சண்டைக்கு வரப்போகிறாள் என்று நினைத்தேன்.

“நாந்தான் ஆசப்பட்டு ரெண்டு ராத்திரி நிக்க வச்சேன்” என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு நடந்தது ஊருக்குத் தெரியும். வக்கீல் நிலத்தை வேறு ஆளுக்குக் கொடுத்தார். கிடை போட்டுக் கெடுத்தவள் என்று அவளுக்குப் பெயர் வந்தது. மறுகோடையில் கோனாரின் மந்தையை ஊர் உள்ளே விடவில்லை. எல்லாரும் மூட்டைக்கு மாறினார்கள், மண் இறுகியது, மூட்டை இரண்டானது. நான் சாவடியில் பேசியதையே அறிக்கையாக எழுதினேன். அது மேலே போய்ப் பாராட்டு வாங்கியது. அந்தப் பாராட்டில் இங்கே மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது, படிப்பால் இந்த ஆய்வக வேலை. மதினி கடையநல்லூரில் ஒரு தறிக்காரர் வீட்டில் நூல் சுற்றப் போய்விட்டாள் என்று இங்கே வந்த பிறகு கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டு என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை.

6

மேடையில் பேசக்கூடாது என்று செண்பகத்திடம் சொன்னேன்.

“ஏன்? நம்ம ஊர் விஷயம் உங்களுக்கு வெட்கமா இருக்கு. அதானே?”

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்பன்களைப் பற்றி எல்லாம் தெரியும். நான் கத்தினேன். அவளும் கத்தினாள். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, “ஒண்ணு சொல்லுங்க, இல்லாட்டிச் சும்மா இருங்க” என்றாள். ஆகவே சொன்னேன். மூன்று மூட்டை, சாரல், சாவடி, எல்லாம்.

செண்பகம் கோபம் வந்தால் இங்கிலீஷுக்குப் போய்விடுவாள். அன்றைக்குத் தமிழிலேயே கேட்டாள்.

“அந்தப் பெரியம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப இன்னமும் தன்னாலதான்னு நினைச்சிட்டு இருக்காங்களா? இத்தனை வருஷமா?”

 அவள் அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். மேடையில் பேசவில்லை. வெட்கப்படுகிறாளா என்று ராய் என்னிடம் கேட்டான். ஆமாம் என்றேன், பொய் இல்லை. மூன்று வாரம் ஆகியும் என் மகள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால் எழுந்து வந்து எடுத்துக்கொள்வாள். அந்த மூன்று வாரத்தின் முடிவில் விமானத் தபாலுக்கான ஒரு நீலத்தாள் வாங்கி மதினிக்குக் கடிதம் எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதி, என்னை மன்னிக்க வேண்டும் என்று முடித்தேன். எழுதி ஒட்டியதும் நெஞ்சு லேசானது. அதை நினைத்தால் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

7

மதினிக்கு எழுதத் தெரியாது. தறிக்காரர் மகள் ஆமினா, மதினி சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள். ஒரு எழுத்தும் திருத்தாமல் இங்கே தருகிறேன்.

“முத்தையாவுக்கு மதினி சொல்லி எழுதுவது. ஒன் காயிதம் வந்துது. ஆமினா படிச்சா. மறுபடியும் படிக்கச் சொன்னேன். அவ அழுதா. எனக்கு அழுக வரல.

நான் ஒன்னிய சந்தேகப்படல. நீ படிச்சவன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு என்னியவே ஏசிக்கிட்டேன். ஆசப்பட்டுக் கெடுத்தேன்னு நெனச்சி இந்த பன்னெண்டு வருசமா ஒரு செடி வச்சதில்ல. இங்க வீட்டுக்காரம்மா மொளகாச் செடி வைக்கச் சொன்னா, என் கையால வேண்டாம், நீங்க வைங்கம்பேன். என் கை நல்ல கைதான்னு இப்ப வந்து சொல்லுத.

கோனாரு என் முகத்தப் பாக்காமலே போனாரு. அவரு ஆட்டைக் குத்தம் சொல்லிட்டம்னு அவருக்கு வருத்தம். செத்தும் போயிட்டாரு. அவருகிட்ட இனி யாரு போயிச் சொல்ல?

எங்கிட்ட மன்னிப்பு கேட்டிருக்க. எங்கிட்ட எதுக்குக் கேக்க? நீ அன்னைக்கு எங்கிட்டயா சொன்னே? சாவடியில வச்சி ஊருக்குல்லா சொன்னே. இப்ப எனக்கு மட்டும் காயிதம் போட்டா, அது எனக்கும் ஆமினாவுக்கும் தெரிஞ்சதோட சரி. ஊருக்குச் சொல்லு. சொல்லிட்டு அப்புறம் எங்கிட்ட கேளு. அப்பவும் நான் யோசிக்கணும்.

ஒன் மவ நல்லாப் படிக்கட்டும்.”

செண்பகம் அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அரை மணி நேரம் ஆனது. படித்து முடித்து, மடித்து, என் கையில் கொடுத்தாள். “எப்ப சொல்லப்போறீங்க?” என்றாள். அந்தச் சண்டைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

8

இந்த இதழ் எங்கள் ஊர் நூலகத்துக்குப் போகிறது என்று ஆசிரியரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அதற்காகத்தான் எழுதச் சம்மதித்தேன். மேலே உள்ள எதையும் நீங்கள் நம்ப வேண்டாம், ரசிக்கவும் வேண்டாம். இதை மட்டும் படித்தால் போதும்.

சாலையோரத்து வயலில் அந்தக் கார் போகத்தில் நான் மூன்று மூட்டை யூரியா போட்டேன். வேலம்மாள் சம்மதித்தது ஒன்றுக்கு. மற்ற இரண்டும் அவள் செங்கோட்டையில் இருந்தபோது அவளுக்குத் தெரியாமல் போட்டவை. கிடை போட்ட மண்ணில், சாரல் நேரத்தில், அது ஆகாது என்று அவள் எனக்கு முன்கூட்டியே சொன்னாள். அவள் சொன்னபடியே நடந்தது. பயிரைக் கெடுத்தது ஆடு இல்லை, கோனார் இல்லை, வேலம்மாள் இல்லை. சாவடியில் நான் சொன்னது பொய்.

படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு இதைப் படித்துச் சொல்லுங்கள். வாய்க்குள் படிக்க வேண்டாம். சாவடியில் நின்று சத்தமாகப் படியுங்கள். அன்றைக்கு நான் சத்தமாகத்தான் சொன்னேன்.